தரைக்கேற்ற சக்கரம்

சக்கரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பவர்கள் பலர். அந்தச் சக்கரம் உருளுவதற்கு ஏற்ற தரையை அமைத்தவர் யார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் தரையில்லாமல் சக்கரத்திற்குப் பயனில்லை. எந்தச் சக்கரம் நல்லது என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்தத் தரையில், எவ்வளவு சுமையோடு, எவருடைய வலிமையால் அது உருளப் போகிறது என்று தெரிந்த பிறகே விடை சொல்ல முடியும்.

இந்த உண்மையை விளங்கிக் கொள்ள வெளிநாட்டுக் காட்சிசாலைகளுக்குப் போக வேண்டியதில்லை. இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்தால் போதும். மரச் சக்கரம், எஃகுச் சக்கரம், இரப்பர்ச் சக்கரம் ஆகிய மூன்றின் வரலாறும் இந்த ஒரே சாலையோரத்தில் கிடைக்கிறது. இன்று இளைஞர்கள் கால் வைத்து ஓட்டும் லாங்போர்டு என்னும் நீண்ட ஸ்கேட்போர்டுக்குச் சக்கரம் தேர்ந்தெடுக்கும் விதியும் அதே வரலாற்றிற்குள் அடங்கியிருக்கிறது.

மணலில் சக்கரம் இல்லை

முதலில் கடற்கரையைப் பார்ப்போம். மீனவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டிற்குக் கொண்டு சென்று உலர வைத்தார்கள். துறைமுகம் அமைவதற்கு முன்பு, தொலைவில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கொண்டுவந்தன. மணலில் இறங்கிய சரக்கும் ஆள் தோளில்தான் ஏறியது. சக்கரத்தை நன்கு அறிந்திருந்த மக்கள் இங்கே மட்டும் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை?

காரணம் எளியது. சக்கரம் உருளும்போது அதன் அடியிலுள்ள தரை சற்றே அமுங்குகிறது. சக்கரமும் சற்றே நசுங்குகிறது. அமுங்கியதும் நசுங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது, செலவழித்த ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. இந்த இழப்பைத்தான் உருளல் தடை என்கிறோம். தளர்ந்த மணல் அமுங்கினால் மீள்வதே இல்லை. சக்கரம் தான் தோண்டிய பள்ளத்திலிருந்து ஒவ்வொரு கணமும் மேடேறிக் கொண்டேயிருக்க வேண்டும். ஒரு டன் சுமையை மணலில் உருட்ட 150 கிலோகிராம் எடையளவு விசையோ, அதற்கும் மேலோ தேவைப்படலாம். அதே சுமைக்கு நல்ல கல்சாலையில் இரும்புப் பட்டை போட்ட வண்டிக்கு 20 முதல் 30 கிலோகிராம், தார்ச்சாலையில் காற்றடைத்த டயருக்கு 10 முதல் 15 கிலோகிராம், எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்திற்கு ஒன்று அல்லது இரண்டு கிலோகிராம் போதும். மீனவர்கள் சக்கரத்தை ஒதுக்கியது அறியாமையால் அன்று. அந்தத் தரையை அறிந்திருந்ததால்தான்.

இரும்புப் பட்டையும் கல்சாலையும்

மணலைத் தாண்டி ஊருக்குள் வந்தால் மாட்டு வண்டி. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மரச் சக்கரம். அதைச் சுற்றிக் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. நம் தச்சரும் கொல்லரும் சக்கரத்தை இவ்வளவு பெரிதாகச் செய்ததற்குக் கணக்கு உண்டு. விறைப்பான சக்கரம் ஒன்று 5 மில்லிமீட்டர் உயரமுள்ள கல்லின் மீது ஏற வேண்டும் என்று கொள்வோம். 1.4 மீட்டர் விட்டமுள்ள வண்டிச் சக்கரமானால், அதன் மீதுள்ள சுமையில் ஏறத்தாழ 12 விழுக்காடு விசையோடு இழுத்தால் ஏறிவிடும். சக்கரத்தின் விட்டம் 40 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதே கல்லின் மீது ஏற 88 விழுக்காடு விசை வேண்டும். பெரிய சக்கரத்திற்குக் கல் ஒரு சரிவு. சிறிய சக்கரத்திற்கு அதே கல் ஒரு சுவர்.

சக்கரத்தின் அளவிற்கும் தடைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பிரான்சில் பெரிய வாதமே நடந்தது. 1830-களின் இறுதியில் தொடங்கி, பீரங்கிப் படை அதிகாரியான ஆர்தர் மோரன், சாலைப் பொறியாளரான ஜூல் டுபுய் ஆகிய இருவரும் வண்டிகளை இழுத்து அளந்து மாறுபட்ட முடிவுகளுக்கு வந்தனர். தடை ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றார் மோரன். இல்லை, விட்டத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது என்றார் டுபுய். விதி எதுவாயினும் பெரிய சக்கரமே எளிதில் உருளும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இரும்புப் பட்டைக்கு ஒரு குறை உண்டு. நாலைந்து சென்டிமீட்டரே அகலமுள்ள அது சாலையைக் கத்தி போல் அறுத்தது. சாலையைச் செப்பனிடக் கல் வேண்டும். அக்கல்லைக் கொண்டுவரும் வண்டியும் சாலையை அறுக்கும்! இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் சென்னையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சாலைக் கல் ஏற்றிவர ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் இதில் முன்னின்றார். சுழல்வகை நீராவி இயந்திரம் ஒன்றும் அதில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. இந்தியாவில் இருப்புப்பாதையின் முதல் வேலை, மாட்டு வண்டிச் சாலைக்குக் கல் சுமப்பதாகவே இருந்தது!

இராயபுரத்து எஃகுச் சக்கரம்

1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் இராயபுரம் ரயில் நிலையம் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. ஜூலை 1-ஆம் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திற்குப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுவே.

எஃகின் மீது எஃகு உருளும்போது இரண்டும் அமுங்குவது மிகக் குறைவு. அமுங்கியதும் ஏறக்குறைய முழுவதும் மீண்டுவிடுகிறது. எனவே இழப்பும் மிகக் குறைவு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைக் கவனிக்க வேண்டும். 1676 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வழி நெடுகிலும் தண்டவாளம் பதிக்க வேண்டும். பள்ளங்களை நிரப்ப வேண்டும், ஆறுகளின் மீது பாலம் கட்ட வேண்டும். சக்கரத்தைத் தரைக்கேற்ப மாற்றுவதற்குப் பதிலாகத் தரையைச் சக்கரத்திற்கேற்ப மாற்றினார்கள். அதோடு, வழுவழுப்பான எஃகுக்குப் பிடிப்பு குறைவு. வேகமாக ஓடும் ரயில் உடனே நிற்க முடியாததற்கும், செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாததற்கும் இதுவே காரணம். எளிதில் உருளும் தன்மையும் நல்ல பிடிப்பும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

காற்றடைத்த இரப்பர்

சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இரப்பரை உறுதிப்படுத்தும் முறையை 1839-இல் கண்டார். 1845-இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். லண்டனில் குதிரை வண்டிகளில் பொருத்தி, இழுவிசையையும் அளந்து காட்டினார். வழவழப்பான சாலையில் மிச்சமானதைவிட, உடைகல் பரப்பிய கரடுமுரடான சாலையில் மிச்சமான விசையே அதிகம் என்பது அவர் கண்ட முக்கிய உண்மை. மக்கள் அதை மறந்து போனார்கள். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார்.

கரடான தரையில் மென்மையான சக்கரம் ஏன் வெல்கிறது? விறைப்பான சக்கரம் ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டியின் முழுச் சுமையையும் தூக்கி, மறுபக்கம் போடுகிறது. தூக்கச் செலவழித்த ஆற்றல் அதிர்ச்சியாகவும் சத்தமாகவும் வீணாகிறது. மென்மையான சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சுமை மேலே எழும்புவதில்லை. ஆனால் கண்ணாடி போன்ற வழுவழுப்பான தளத்தில் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே மென்மையான சக்கரம் வீணாக நசுங்கிச் சூடேறுவதுதான் மிச்சம். நெடுந்தூரம் ஓடி வந்த லாரியின் டயரைத் தொட்டுப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும்.

திருவொற்றியூர்க் கொட்டகை

1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் அந்த நிறுவனம் தேய்ந்த டயர்களின் மேல் ஒட்டும் மேற்பட்டை இரப்பரைத் தயாரிப்பதில் இறங்கியது. லாரி டயரின் உடல் நல்ல நிலையில் இருக்கும்போதே தரையைத் தொடும் மேற்பகுதி தேய்ந்துவிடும். அதை மட்டும் புதுப்பித்தால் பழைய டயர் மறுபிறவி எடுக்கும். புது டயர் விலை உயர்ந்திருந்த காலத்தில் லாரி உரிமையாளர்களுக்கு இது பேருதவியாக இருந்தது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு முழு டயர் உற்பத்தி தொடங்கியது. அந்த நிறுவனமே எம்.ஆர்.எப்.; மெட்ராஸ் இரப்பர் தொழிற்சாலை என்பதன் சுருக்கம்.

அதே வட்டாரத்தில் டயரைக் கேட்கும் வண்டிகளும் பிறந்தன. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. திருவொற்றியூரில் 1955 முதல் என்பீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் பணியில் இறங்கியது. வண்டி, சக்கரம், அதன் மேற்பட்டை எல்லாம் ஒரே கடற்கரைச் சாலையில் உருவாயின. கழித்த டயரும் வீணாகவில்லை. அது செருப்பாயிற்று, மாட்டு வண்டிக்கும் சக்கரமாயிற்று. இரும்புப் பட்டை வண்டி 'டயர் வண்டி' ஆனபோது மாட்டின் கழுத்திலிருந்த சுமை குறைந்தது. சாலையும் அறுபடாமல் தப்பியது.

இழுப்பவர் யார்?

ஆனால் நல்ல சக்கரம் எப்போதும் நல்லதையே செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா 1869 வாக்கில் ஜப்பானில் தோன்றி ஆசிய நகரங்களெங்கும் பரவியது. அது சென்னைக்கும் வந்தது. இலேசான சக்கரமும் சமமான சாலையும் இருந்ததால்தான் ஓர் ஆள் இருவரை இழுத்துக்கொண்டு ஓட முடிந்தது. மணற்பாதையில் அது நடவாது. உருளல் தடை குறைந்ததன் பயனை வண்டியில் அமர்ந்தவர் அனுபவித்தார். இழுத்தவரின் மார்பு அதற்கு விலை கொடுத்தது.

இதற்குத் தீர்வு எந்தச் சக்கரத்திலும் இல்லை. அது சட்டத்தில்தான் இருந்தது. 1973-இல் தமிழ்நாடு அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. காசிமேட்டு மீனை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர 'மீன்பாடி வண்டி'யும் வடசென்னை உழைப்பாளியின் காலால் மிதிபட்டு, பின்னர் மோட்டார் பொருத்தப்பட்டு ஓடியது. சக்கரத்தின் வரலாற்றை எழுதும்போது அதை உருட்டிய உடலின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பேரிங் வண்டி

பட்டறைகள் நிறைந்த ஊரில் கழித்த பால் பேரிங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பலகை, இரண்டு கட்டை, மூன்று நான்கு பேரிங் ஆகியவற்றைக் கொண்டு சிறுவர்கள் செய்யும் பேரிங் வண்டியை நம் வாசகர்கள் அறிவார்கள். கால்களை இழந்தவர்கள் பலர் இத்தகைய பலகையில் அமர்ந்து, கையால் தரையை உந்திச் செல்வதையும் கண்டிருப்பார்கள். பேரிங்கின் வெளி வளையமே இங்கே சக்கரம். அதுவும் எஃகு, விட்டமோ 40 மில்லிமீட்டர் அளவு.

வழுவழுப்பான சிமெண்டுத் தளத்தில் அது ரயிலைப் போல் வழுக்கிக்கொண்டு போகிறது. தார்ச்சாலையில் காது செவிடுபடும் சத்தம். பல்லைக் கிட்டிக்கொள்ளச் செய்யும் அதிர்ச்சி. மேலே சொன்ன கணக்குப்படி 5 மில்லிமீட்டர் கல் ஒன்று குறுக்கிட்டால் சக்கரம் நின்றுவிடுகிறது. பலகை மீதிருப்பவர் நிற்பதில்லை!

அமெரிக்கச் சிறுவர்களின் முதல் ஸ்கேட்போர்டுகளுக்கும் இதே குறை இருந்தது. முதலில் உருளு காலணியிலிருந்து கழற்றிய எஃகுச் சக்கரம். பிறகு 1960-களில் களிமண் கலவைச் சக்கரம். இரண்டிலும் சிறு கல் பட்டால் ஓட்டுபவர் விழுவார். இந்நிலையை மாற்றியது பாலியூரித்தேன். ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ பாயர் 1937-இல் உருவாக்கிய இந்தச் செயற்கைப் பொருளை மிருதுவான மெத்தையாகவும் செய்யலாம், மரம் போன்ற கட்டியாகவும் செய்யலாம். 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், உருளு காலணிக்காக வர்ஜீனியாவில் வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் சக்கரத்தைத் தம் ஸ்கேட்போர்டில் பொருத்தினார். கலிபோர்னியாவில் அவர் அதை விற்கத் தொடங்கியதும் அந்த விளையாட்டே மறுபிறவி எடுத்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. பாலியூரித்தேனின் மூலப்பொருள்களில் ஒரு வகையான பாலியால், எண்ணூருக்கு அருகிலுள்ள மணலியிலும் தயாராகிறது. அது பெரும்பாலும் மெத்தைக்கும் இருக்கைக்குமே போகிறது என்றாலும், சக்கரமும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இரண்டு எஃகு வளையங்களுக்கிடையே குண்டுகள் உருளும் பேரிங் இப்போது சக்கரத்தின் உள்ளே அடங்கிவிட்டது. 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள சிறு பேரிங்குகள் இரண்டு ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளன. உருளும் வேலை அவற்றுக்கு, தரையைத் தொடும் வேலை பாலியூரித்தேனுக்கு என்று பிரித்ததே இதன் வெற்றி.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி லாங்போர்டுச் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது கடினமில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று: விட்டம், கடினத்தன்மை, விளிம்பு.

முதலில் விட்டம். 5 மில்லிமீட்டர் கல்லின் மீது ஏற 50 மில்லிமீட்டர் விறைப்புச் சக்கரத்திற்குச் சுமையில் 75 விழுக்காடும், 70 மில்லிமீட்டர் சக்கரத்திற்கு 60 விழுக்காடும் விசை வேண்டும். வித்தை காட்டும் சிறிய பலகைக்கு 50 முதல் 54 மில்லிமீட்டர் போதும். அது சமதளத்தில் ஓடுவது. தெருவில் நெடுந்தூரம் போகும் லாங்போர்டுக்கு 65 முதல் 75 மில்லிமீட்டர் வேண்டும். பெரிய சக்கரம் கனமானது. வேகமெடுக்கச் சற்று நேரமாகும். திரும்பும்போது பலகையின் அடியில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கடினத்தன்மை. ஆல்பர்ட் ஷோர் அமைத்த டூரோமீட்டர் என்னும் கருவி, ஓர் ஊசியைப் பொருளில் அழுத்தி அதன் கடினத்தை அளக்கிறது. 'ஏ' அளவுகோலில் 100-ஐ நெருங்கினால் மிகக் கடினம். சொரசொரப்பான தார்ச்சாலைக்கு 75 முதல் 80 வரையுள்ள மென்சக்கரம் ஏற்றது; அது தாம்சன் கண்ட உண்மை. மெருகிட்ட சிமெண்டுத் தளத்திற்கு 95-க்கு மேற்பட்ட வன்சக்கரம் ஏற்றது. அது இராயபுரத்து உண்மை. மென்மையானது எல்லாம் மெதுவானது என்று கருத வேண்டாம். அழுத்தியதைத் திருப்பித் தரும் மீள்தன்மை மிகுந்திருந்தால் மென்சக்கரமும் கரடான சாலையில் வேகமாக ஓடும்.

மூன்றாவது விளிம்பு. கூரிய விளிம்பும் அகலமும் உள்ள சக்கரம் வளைவில் தரையைப் பற்றிக்கொள்ளும். வளைந்து விரைபவர்க்கு அது வேண்டும். உருண்டையான விளிம்பும் சற்றுக் கூடிய கடினமும் உள்ளது பக்கவாட்டில் வழுக்கும். சரிவில் பலகையைக் குறுக்கே திருப்பி வேகத்தைக் குறைப்பவர்க்கு அந்த வழுக்கல்தான் தடைக்கட்டை.

கடற்கரை வட்டாரத்தில் இரண்டு எச்சரிக்கைகள் கூடுதலாக வேண்டும். காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணலில் இந்தச் சிறு சக்கரங்கள் எதுவும் செல்லாது. மீனவர்கள் அறிந்ததை நாமும் அறிந்துகொள்ள வேண்டும். உப்புக் காற்று எஃகுப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அடிக்கடி துடைத்து எண்ணெயிட வேண்டும். நனைந்த சாலையில் பாலியூரித்தேனுக்குப் பிடிப்பு வெகுவாகக் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் பலகையில் ஏறக் கூடாது.

சாலைக்கு யார் பொறுப்பு?

எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒன்று நம் கையில் இல்லை. அது சாலை. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் செயற்படத் தொடங்கியது. 2014-இல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. பெட்டகம் ஏற்றிய நெடிய லாரிகள் இச்சாலைகளை நிறைத்தன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சோதனையில், சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அச்சின் மீதுள்ள சுமையின் நான்காம் அடுக்கை ஒட்டி உயர்கிறது என்று கண்டார்கள். ஒரு டன் அச்சுச் சுமையோடு ஒப்பிட்டால் பத்து டன் அச்சுச் சுமை செய்யும் சேதம் பத்து மடங்கு அன்று. ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு!

லாரியின் பெரிய டயர் அந்தப் பள்ளத்தைப் பொருட்படுத்தாமல் ஏறிச் செல்லும். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் தடுமாறுவார். சிறு சக்கரப் பலகையில் கையூன்றிப் போகிறவரால் தாண்டவே முடியாது. அதாவது சாலையைக் கெடுக்கும் சக்கரம் வேறு, கெட்ட சாலையில் துன்பப்படும் சக்கரம் வேறு. சாலை நன்றாக இருக்கிறதா என்று அறிய லாரியில் ஏறிப் பார்ப்பதில் பயனில்லை. அந்தச் சாலையில் உருளும் சக்கரங்களிலே மிகச் சிறியது எது என்று பார்த்து, அது தடையின்றிப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் பலகையும் நாலு பேரிங்கும் போதும்.